வேலூரில் வீடு: பெங்களூர்க் கண்ணாடியா, திருச்சூர் மரமா, காரைக்குடி முற்றமா?

காட்பாடியில் மனை வாங்கிய பிறகு ஒன்றரை வருடம் நாங்கள் வீடு கட்டவில்லை, வீடு பார்த்தோம். பெங்களூர் சர்ஜாபூர் சாலையில் மைத்துனரின் வில்லா, திருச்சூரில் நண்பர் புதுப்பித்த பழைய தறவாட்டு வீடு (கேரளத்துப் பரம்பரைக் கூட்டுக்குடும்ப வீடு), காரைக்குடிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது தங்கிய செட்டிநாட்டு வீடு. மூன்றின் மேலும் ஆசை வந்தது. கடைசியில் நாங்கள் கட்டியது நடுவில் முற்றம் விட்டு, ஆத்தங்குடிக் கல் (செட்டிநாட்டுப் பூவேலைச் சிமெண்ட் தரைக்கல்) பதித்த வீடு. குடியேறி இரண்டு கத்திரி வெயிலும் இரண்டு ஐப்பசி மழையும் பார்த்தாகிவிட்டது. அதனால் முற்றத்தின் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

பெங்களூர் வில்லாவில் எல்லாமே பளபளப்பு. தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, இத்தாலி மார்பிள், பாத்டப், வளாகத்துக்குள் நீச்சல் குளம், கிளப் ஹவுஸ். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேற்குப் பார்த்த கண்ணாடிக்குப் பின்னால் சாயங்காலம் உட்கார்ந்து காபி குடிக்கலாம். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊரில் அதே இடத்தில் ஏசி நிற்காமல் ஓட வேண்டும். இதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

திருச்சூர் வீட்டில் பூமுகமும் (முன் திண்ணை மண்டபம்) சாருபடியும் (சாய்ந்து உட்காரும் மரத் திண்ணை) மனதை அள்ளின. ஆனால் அது மழையும் ஈரமும் உள்ள ஊரின் வீடு. இவ்வளவு மரம் நம் வறண்ட காற்றில் வெடிப்பு விடும், கரையானுக்கும் வருடா வருடம் பார்க்க வேண்டும் என்றார் ஆசாரி. அதோடு அதை விட்டுவிட்டோம்.

மீதி இரண்டில் முடிவு செய்தது தண்ணீர்தான். மார்பிள் விலை விசாரித்துக்கொண்டிருந்தபோது மேஸ்திரி ஒரு வார்த்தை சொன்னார்: "சார், கல்லு விலை அப்புறம் கேக்கலாம். முதல்ல போர் தண்ணிய டெஸ்டுக்குக் குடுங்க." கொடுத்தோம். கடினத்தன்மை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 720 மில்லிகிராம். குடிநீருக்கு இந்தியத் தரநிலை சொல்வது 200. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை. காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிறதே என்று கேட்கலாம். குடிக்கவும் சமைக்கவும் அது சரி. பாத்டப் நிரப்ப அதை எதிர்பார்க்க முடியாது.

உப்புத் தண்ணீர் என்ன செய்யும் என்பதைச் சத்துவாச்சாரியில் வாடகைக்கு இருந்த வீட்டிலேயே பார்த்திருந்தோம். வாஷ்பேசின் மேடை வெள்ளை மார்பிள். சொட்டுகிற குழாயடியில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு உப்பு படிந்திருந்தது. என் மனைவி அரை எலுமிச்சம்பழத்தை வைத்துத் தேய்த்தாள். உப்பு போயிற்று, கூடவே கல்லின் பளபளப்பும் போயிற்று. சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் அந்த வட்டம் மட்டும் சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கித் தெரிந்தது. காலி செய்யும்போது வீட்டுக்காரர் அதற்கு அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார்.

காரணம் எளிது. படிகிற உப்பில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். மார்பிளும் அதேதான். உப்பைக் கரைக்கிற எந்தப் புளிப்பும் கல்லையும் கரைக்கும். குரோம் குழாய், ரெயின் ஷவரின் ஊசித் துளைகள், கீசர் காயில் என எல்லாவற்றிலும் இதே உப்பு ஏறும். கடினத்தன்மையை எடுக்கும் சாஃப்ட்னர் வைக்கலாம்தான், ஆனால் அதற்குள் இருக்கும் ரெசின் மணிகளைக் கழுவ மூட்டை மூட்டையாகக் கறியுப்பு வாங்க வேண்டும், கழுவிய உப்புநீர் நம் மண்ணுக்குள்தான் போகும். நீச்சல் குளத்தை நான் பராமரித்ததில்லை. ஆனால் வெயிலில் ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு குளத்திலேயே தங்கும், அதன்மேல் மறுபடி போர் தண்ணீர். பெங்களூரில் அதைப் பார்த்துக்கொள்ள வளாகத்தில் ஆள் இருக்கிறார். மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் போகிறது. இங்கே தனி வீட்டில் நாமேதான்.

முற்றம் அழகுக்கு என்றுதான் முதலில் நானும் நினைத்தேன். செட்டிநாட்டு வீட்டில் கூரையின் உள்சரிவு மழையெல்லாம் முற்றத்துக்குள் இறங்குகிறது, மூலைக்கு மூலை அண்டா வைத்துப் பிடித்திருக்கிறார்கள். குடியாத்தத்தில் தாத்தாவின் தொட்டிக்கட்டு வீட்டிலும் அப்படித்தான். ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். எங்கள் உள்சரிவு 60 சதுர மீட்டர். ஒரு ராத்திரி 50 மில்லிமீட்டர் பெய்தால் 3,000 லிட்டர்; அழுக்கோடு வரும் முதல் மழையைத் திருப்பிவிட்டாலும் பெரும்பகுதி கிடைக்கும். முற்றத்துக்கு அடியில் 15,000 லிட்டர் சம்ப் (தரையடித் தொட்டி). அந்தத் தண்ணீருக்குக் கடினத்தன்மை என்று சொல்ல ஒன்றுமில்லை. மாடிக் குளியலறைக்கும் கீசருக்கும் தரை துடைக்கவும் அதுதான். இரண்டு வருடமாகியும் ஷவர் துளை ஒன்றுகூட அடைக்கவில்லை.

ஆத்தங்குடிக் கல் தோற்காத கல் என்று சொல்ல மாட்டேன். கண்ணாடித் தட்டின்மேல் நிறச் சாந்தை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, சுடாமல் தண்ணீரில் ஊறவைத்துச் செய்வது. சிமெண்ட் என்பதால் ஆசிட் ஆகாது. முதல் இரண்டு மாதம் போர் தண்ணீரில் துடைத்தோம், செங்காவிப் பூவின்மேல் சாம்பல் படர்ந்ததுபோல் உப்பு பூத்தது. மழைத் தண்ணீருக்கு மாறி, வாரம் ஒருமுறை சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்த பிறகுதான் நிறம் திரும்பியது. இப்போது ஆள் அதிகம் நடக்கிற சமையலறை வாசலில்தான் மினுக்கம் அதிகம்.

குறைகளும் உண்டு. குரங்குக்காக மேலே கிரில், கொசுவுக்காக வலை. சாரல் அடித்தால் ஊஞ்சல் நனையும். ஓர் அறை அளவுக்கு இடமும் போய்விட்டது. விற்கிற நேரத்தில் என்ன ஆகும் என்பதில் எனக்கு அனுபவம் இல்லை. பெட்ரூம் எத்தனை என்றுதான் முதலில் கேட்பார்கள் என்றார் ஒரு தரகர். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம்.

எனக்கு ஒரே வருத்தம் சம்ப்தான். இரண்டு மடங்கு பெரிதாகத் தோண்டியிருக்க வேண்டும். போன ஐப்பசியில் மூன்றாவது நாளே நிரம்பி, மிச்சமெல்லாம் கசிவுக் குழிக்குப் போய்க்கொண்டிருந்தது. அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. குடியாத்தத்து வீட்டிலிருந்து கொண்டுவந்த பித்தளை அண்டாவைப் பரணிலிருந்து இறக்கச் சொல்லி, முற்றத்து மூலையில் வைத்தார்.