சென்னை – மதுரை: பறந்தால் மிச்சமாவது எத்தனை மணி நேரம்?

மீனம்பாக்கத்துக்கும் மதுரை விமான நிலையத்துக்கும் நேர்கோட்டில் சுமார் 417 கிலோமீட்டர். சாலை வழியே சென்னையிலிருந்து மதுரைக்குச் சுமார் 460. திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர், திருச்சி, மேலூர் என்று நெடுஞ்சாலை பெரிதாக எங்கும் சுற்றுவதில்லை.

டிக்கெட்டில் விமான நேரம் ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை மணி என்று இருக்கும். அதை நம்பிக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவோம். வேளச்சேரியில் கிளம்புகிறவருக்கு விமான நிலையம் போக 40 நிமிடம், அங்கே காத்திருக்க 90, பறக்க 80, பெட்டி வர 20, இறங்கி மாட்டுத்தாவணிப் பக்கம் போக 40. கூட்டினால் நாலரை மணி. காத்திருப்பைக் குறைக்கலாம் என்றால், பெட்டி போடும் கவுன்ட்டர் 60 நிமிடம் முன்பே மூடிவிடும். உள்நாட்டு விமானங்கள் டி1, டி4 என்று இரண்டு முனையங்களில் கிளம்புகின்றன. எது என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். ஏடிஆர் என்கிற சிறிய ரக விமானமாக இருந்தால் தலைக்கு மேலுள்ள தட்டு சிறியது. பெரிய டிராலி உள்ளே நுழையாது.

காரில், அதே வேளச்சேரியிலிருந்து விடியற்காலை நாலரைக்குப் புறப்பட்டால், சாப்பாட்டு நிறுத்தத்தோடு ஏழரை மணி நேரம். வெள்ளிக்கிழமை மாலை என்றால் பெருங்களத்தூர் முதல் கூடுவாஞ்சேரி வரையிலேயே ஒரு மணி நேரம் காணாமல் போகும். ஆவடி, அம்பத்தூர்க்காரர்கள் வெளிவட்டச் சாலையைப் பிடித்து வண்டலூரில் இறங்குவது நல்லது. அடுத்த சிக்கல் திருச்சி: கொள்ளிடம் பாலம் தாண்டியதும் சஞ்சீவி நகர், பால்பண்ணை, ஜி கார்னர் என்று வரிசையாகத் தேங்கும். காலை எட்டரை முதல் பத்து மணிக்குள் அங்கே போய் மாட்டாதபடி புறப்படும் நேரத்தை வையுங்கள். இரவுப் பயணத்தில் பயப்பட வேண்டியது, ஓரத்தில் விளக்கில்லாமல் நிற்கும் லாரிகளுக்கு. மூன்று மணிக்கு மேல் கண் சொக்கும் நேரத்தில்தான் அவை தெரியாமல் போகும்.

பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம், பூதக்குடி, சிட்டம்பட்டி என எட்டு டோல்கேட். போக வர பதினாறு. ஃபாஸ்டாகில் பணம் இல்லாமல் போனால் கூடுதலாகக் கட்ட நேரும். 2025 ஆகஸ்ட் 15-ல் வந்த ஆண்டு பாஸ், சொந்த காருக்கு 200 முறை கடக்க 3,000 ரூபாய் என்று தொடங்கியது. இந்த வழியில் பன்னிரண்டு முறை போய்வரலாம். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் தரும் காருக்கு ஒருவழிக்கு 29 லிட்டர் பெட்ரோல். நாலு பேர் போனால் கார் செலவு விமானக் கட்டணத்துக்குப் பக்கத்தில்கூட வராது. தனியாளுக்குக் கணக்கு தலைகீழ்.

பஸ்ஸுக்கு எட்டு, ஒன்பது மணி நேரம். ஆனால் 2023 கடைசியிலிருந்து ஏறுமிடம் கிளாம்பாக்கம். வடசென்னைக்காரர் அங்கு போய்ச் சேரவே ஒன்றரை மணி நேரம் வைக்க வேண்டும்.

மழைக்காலத்தில் எதையும் உறுதியாகச் சொல்வதற்கில்லை. 2024 ஃபெஞ்சல் புயலில் நவம்பர் 30 அன்று சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. இரண்டு நாள் கழித்து விழுப்புரம் மாவட்டம் அரசூர் அருகே வெள்ளத்தில் நெடுஞ்சாலையே துண்டானது.

காருக்கு ஏழரை, விமானத்துக்கு நாலரை என்றால் மிச்சம் மூன்று மணி நேரம். அது மதுரை நகருக்கு மட்டும். விமான நிலையம் ஊருக்குத் தெற்கே, பெருங்குடியில். அருப்புக்கோட்டை, விருதுநகர் போகிறவருக்கு லாபம் இன்னும் கூடும். மேலூருக்குப் போகிறவரோ இறங்கிய பிறகு நாற்பது கிலோமீட்டர் வடக்கே திரும்பி வர வேண்டும். காரில் வந்திருந்தால் மதுரைக்கு முன்பே வீடு வந்திருக்கும்.