டோக்கியோவில் குரூப் டூர்: 50,000 யென் போனது, பஸ் வரவே இல்லை

டோக்கியோவில் ஒரு நாள் குரூப் டூருக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். நேற்று ஒரே நாளில் எங்கள் நாலு பேருக்கும் சேர்த்து 50,000 யென் போய்விட்டது. நம் காசுக்குக் கிட்டத்தட்ட 29 ஆயிரம் ரூபாய். வயிறு எரிகிறது.

பெயர் வேண்டாம். வெளிநாட்டு டூர்களை விற்கும் ஒரு ஆப், அவ்வளவுதான். "ஏசி பஸ், சைவச் சாப்பாடு" என்று போட்டிருந்தார்கள். அப்பா, அம்மா இருவருக்கும் மூட்டுவலி. ஸ்டேஷன் படிக்கட்டு என்றாலே அம்மாவுக்குப் பயம். அதனால் முதலிலேயே சாட்டில் கேட்டேன். உடனே பதில் வந்தது: "கவலையே வேண்டாம் சார். பஸ் நாள் முழுக்கக் கூடவே இருக்கும். பெரியவர்கள் ஏறி இறங்கினால் போதும்." கூடவே கும்பிடு போடும் இமோஜி. வயசானவர்களைப் பற்றி இவ்வளவு அக்கறையாகப் பேசுகிறார்களே என்று அப்போதே 50,000 யென்னையும் கட்டினேன்.

ஷின்ஜுகு ஸ்டேஷன் மேற்கு வாசலில் கூடச் சொன்னார்கள். உலகத்திலேயே அதிகக் கூட்டம் வந்துபோகும் ஸ்டேஷன் அது. தேடிப் பிடித்துப் போனால் பஸ் இல்லை, கொடி பிடித்த ஒரு கைடு மட்டும் நிற்கிறார். "டிராஃபிக் அதிகம், ரயில்தான் வேகம்" என்றார். ரயில் டிக்கெட்டும் எங்கள் செலவாம்!

முதலில் ஜப்பான் பேரரசர் அரண்மனையின் கிழக்குத் தோட்டம். ஸ்டேஷனிலிருந்து நடந்தே போனோம். கதவு சாத்தியிருந்தது. திங்களும் வெள்ளியும் அந்தத் தோட்டத்துக்கு விடுமுறை. நேற்று திங்கள். தினமும் டூர் விற்கிறவர்களுக்கு இது தெரியாதா?

பிறகு உயெனோவில் ரயில் மாறி அசாகுசா. படிக்கட்டில் அம்மாவைக் கைத்தாங்கலாகத்தான் ஏற்றினோம். சென்சோஜி கோயிலுக்கு இருபது நிமிடம் கொடுத்தார்கள். நகமிசே கடைத்தெருவைக் கடக்கவே அது போதவில்லை. அடுத்து, 634 மீட்டர் உயர ஸ்கைட்ரீ கோபுரம். ஆற்றுப் பாலத்தில் நிறுத்தி, "அதோ, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார் கைடு. மேலே ஏற வேண்டாமா? "புரோகிராமில் ஸ்கைட்ரீ என்றுதானே இருக்கிறது, ஏறுவது என்று இல்லையே."

மத்தியானம் உடோன் என்ற நூடுல்ஸ் சூப் வந்தது. மேலே மிதந்தது காய்கறிதான், ஆனால் சூப் மீன் சீவல் போட்டுக் காய்ச்சிய தாஷி. கேட்டால், "மீன் துண்டு இல்லையே" என்கிறார். அப்பா கடையில் வாழைப்பழம் வாங்கிச் சாப்பிட்டார். அதற்கப்புறம் ஒரு டியூட்டி ஃப்ரீ கடையில் ஒன்றரை மணி நேரம். அங்கே மட்டும் யாருக்கும் அவசரமே இல்லை. சாயங்காலம் ஷிபுயா கிராஸிங் என்ற பெரிய சாலைச் சந்திப்பில் "டூர் முடிந்தது" என்று சொல்லிவிட்டுக் கைடு போய்விட்டார்.

ராத்திரியே ஆப்பில் புகார் கொடுத்தேன். "டூரை நடத்தியது உள்ளூர் கம்பெனி, அவர்களைக் கேளுங்கள்" என்றார்கள். உள்ளூர் கம்பெனிக்குப் போன் செய்தால், "பணம் வாங்கியது ஆப்தானே?" கைடோ, தான் தினக்கூலிக்கு வந்தவராம். மறுபடி ஆப். "டூர் தொடங்கிவிட்டதால் ரீஃபண்ட் கிடையாது, அடுத்த பயணத்துக்கு 10 சதவீதம் கூப்பன் தருகிறோம்." அடுத்த பயணமா! பணம் கட்டும்வரை உடனுக்குடன் பதில் சொன்ன அதே சாட்டில் இப்போது தானியங்கிப் பதில்தான் வருகிறது.

சென்சோஜிக்கு நுழைவுக் கட்டணமே இல்லை. அந்தத் தோட்டம் திறந்திருந்தாலும் இலவசம். பாலத்தில் நிற்கவும் சிக்னலைக் கடக்கவும் யாரும் காசு கேட்பதில்லை. அப்படியென்றால் 50,000 யென் எதற்கு, நாலு கிண்ணம் உடோனுக்கா?

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. பஸ் உண்டா என்பதை டூர் நடத்தும் கம்பெனியிடமே எழுத்தில் வாங்குங்கள். ஜப்பானில் டூர் நடத்தப் பதிவு எண் வேண்டும், அதைக் கேளுங்கள். சைவம் என்றால் தாஷியும் கூடாது என்று சொல்லுங்கள். உயரத்திலிருந்து ஊரைப் பார்க்க ஷின்ஜுகுவிலேயே டோக்கியோ அரசுக் கட்டடத்தின் 45-ஆம் மாடி இலவசம். சாட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். என்னுடையதைக் கார்டு கொடுத்த வங்கி கேட்டிருக்கிறது, இப்போது அதைத்தான் அனுப்பப் போகிறேன்.