பேட்டரி மாற்றிய கையோடு: ஐந்து வருட இ-ரீடர் அனுபவம்

போன வாரம் என் இ-ரீடருக்கு, அதாவது மின்புத்தகம் படிக்கிற கருவிக்கு, பேட்டரி மாற்றினேன். பாளையங்கோட்டையில் ஒரு செல்போன் பழுது பார்க்கும் கடை. "திரை உடைஞ்சா நான் பொறுப்பில்ல சார்" என்று மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் அந்தப் பையன் கை வைத்தான். உடையவில்லை. கூலியோடு 1,600 ரூபாய். அன்றைக்குப் பார்த்து சித்தப்பா மகனிடமிருந்து வாட்ஸ்அப்: "அண்ணே, நீங்க வச்சிருக்கிற மாடல் விலை குறைஞ்சிருக்கு. தமிழ்ப் புத்தகம் படிக்க வாங்கலாமா?"

கம்பெனி பெயர் வேண்டாம். அச்சுத் தாள் போலத் தெரியும் ஆறு அங்குல இ-இங்க் திரை எந்தக் கம்பெனியுடையதானாலும் நான் சொல்லப்போகும் தொல்லை ஒன்றேதான். கண் உறுத்தாது, சார்ஜ் வாரக்கணக்கில் நிற்கும், வெயிலில் படிக்கலாம். இதெல்லாம் எல்லாரும் எழுதியாயிற்று. நான் சொல்ல வந்தது பிடிஎஃப் பற்றி.

நான் மின்புத்தகம் காசு கொடுத்து வாங்குவது அபூர்வம். எனக்கு வேண்டியவை பெரும்பாலும் பதிப்பே இல்லாமல் போன பழைய நூல்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து நூல்களுக்கும் சிற்றிதழ்களுக்கும் 2005இல் தொடங்கிய நூலகம் தளம், இன்டர்நெட் ஆர்க்கைவ் என்று மூன்று இடத்தில் தேடினால் பாதிக்கு மேல் கிடைத்துவிடும். யாழ்ப்பாணத்தில் அச்சான ஒரு பழைய சிற்றிதழை ராத்திரி பதினோரு மணிக்குக் கட்டிலில் படுத்தபடி இறக்கிக்கொள்ள முடிகிறது. இதற்காக நான் யாருக்கும் ஒரு பைசா கொடுத்ததில்லை. ஆகவே குறை சொல்லும்போது நாக்கு கொஞ்சம் கூசத்தான் செய்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

பிடிஎஃப் ஆக இறங்கி வருவது பெரும்பாலும் ஸ்கேன், அதாவது பக்கத்தின் புகைப்படம். டெமி அளவுப் புத்தகத்தின் பக்கம் எட்டரை அங்குல உயரம். என் திரை ஐந்து அங்குலம்கூட இல்லை. முழுப் பக்கத்தையும் அதில் அடைத்தால் எழுத்து பாதிக்குச் சற்று மேலான அளவுக்குச் சுருங்கிவிடும். அதிலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய புத்தகம் என்றால் லை, னை எல்லாம் யானைத் துதிக்கையோடு இருக்கும். சுருங்கிய அளவில் துதிக்கை எது, கறை எது என்று தெரியாது. சரி, பெரிதாக்கலாம் என்றால் வரியின் வலப்பக்கம் திரைக்கு வெளியே போய்விடும். ஒவ்வொரு தள்ளுக்கும் திரை ஒரு தரம் கறுத்து வெளுக்கும். ஒரு வரி படிக்க இரண்டு தள்ளு. அதற்குள் வாக்கியத்தின் எழுவாய் மறந்துவிடுகிறது.

இரண்டு வருடம் கருவியைக் குறுக்காகப் பிடித்து அரைப் பக்கம் அரைப் பக்கமாகப் படித்தேன். அப்புறம் ஓர இடைவெளிகளைக் கத்தரித்து, பக்கத்தைச் சின்னத் திரைக்கு ஏற்றபடி வெட்டி அடுக்கித் தரும் இலவச மென்பொருள் ஒன்று கிடைத்தது. பரவாயில்லை ரகம்தான். நேராக வைத்து ஸ்கேன் செய்திருந்தால் ஒழுங்காக வெட்டும். புத்தகம் சாய்ந்திருந்தால் இரண்டு வரிக்கு நடுவே கத்தி வைத்துவிடும். நேற்று ராத்திரி ஒரு கட்டுரை சூடுபிடிக்கும் இடத்தில் 64ஆம் பக்கத்தைக் காணோம். 65 இரண்டு தடவை, அதில் ஒன்றில் யாரோ ஒருவருடைய கட்டைவிரல். எந்தத் தளம் என்று சொல்லப்போவதில்லை. அந்த விரல்காரர் ஒரு நாளைக்கு எத்தனை பக்கம் புரட்ட வேண்டியிருந்ததோ. ஆனால் எனக்கு வேண்டியது அந்த 64.

இதே கருவியில்தான், தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்து நூல்களையும் படிக்கிறேன். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்த கு. கல்யாணசுந்தரம் தொடங்கியது. பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் கையாலேயே தட்டச்சு செய்து ஏற்றினார்கள். திஸ்கி என்ற பழைய எழுத்துக் குறியாக்கத்தில் இருந்தவை பின்னால் யூனிகோடுக்கு வந்தன. அந்தக் கோப்பை இறக்கி, காலிபர் மென்பொருளில் போட்டு ஈபப் என்ற மின்புத்தக வடிவுக்கு மாற்றினால், அடடா! எழுத்தை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் வைக்கலாம், வரி தானாக மடங்கிக்கொள்ளும். ஒரு சொல்லைத் தேடினால் அது வரும் இடமெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். முழு நூலும் ஒரு எம்பிகூட இராது. ஸ்கேனோ 80 எம்பியை விழுங்கிவிட்டு, உள்ளே இருக்கிற ஒரு சொல்லைக்கூடக் காட்டிக்கொடுக்காது. உயர்தரக் கேமராவில் எடுத்த பக்கத்தைவிட, கால் நூற்றாண்டுக்கு முன் யாரோ வேலை முடிந்து வந்து ராத்திரியில் தட்டிய பாடம் என் கைக்கு அடக்கமாக இருக்கிறது. கோப்பின் தலைப்பில் தட்டச்சு செய்தவர், மெய்ப்பு பார்த்தவர் பெயர்கள் இருக்கும். முன்னெல்லாம் தாண்டிப் போய்விடுவேன், இப்போது தாண்டுவதில்லை.

இரண்டுக்கும் நடுவில், விக்கிப்பீடியாவின் உடன்பிறப்புத் தளமான விக்கிமூலம் இருக்கிறது. ஒரு பக்கம் ஸ்கேன், மறுபக்கம் எழுத்து. நூலை ஈபப் ஆகவே இறக்கிக்கொள்ளலாம். மெய்ப்பு பார்க்காத பக்கம் சிவப்பு, பார்த்தது மஞ்சள், இன்னொருவர் சரிபார்த்தது பச்சை. சிவப்புப் பக்கம் என்றால் எந்திரம் படித்துக் கொடுத்த எழுத்து அப்படியே இருக்கிறது என்று அர்த்தம். எந்திரத்துக்குக் காலும் ரகரமும் ஒன்றுபோலத் தெரிந்துவிட்டால் 'பாரதம்', 'பரரதம்' ஆகிவிடும். எரிச்சலில் ஒரு நாள் நானே உட்கார்ந்து நாலு பக்கம் திருத்தினேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மதுரைத் திட்டத்தில் தாண்டிப்போன பெயர்கள் அப்போதுதான் உறைத்தன.

இவ்வளவும் யோசித்துவிட்டுத் தம்பிக்கு எழுதினேன்: "வாங்காதே. ஸ்கேன் படிக்க ஆறு அங்குலம் பத்தாது. பத்து அங்குலத்துக்குக் காசு சேர். இல்லாவிட்டால் பேசாமல் லேப்டாப்பில் படி." 64ஆம் பக்கக் கோபம் அதில் கொஞ்சம் ஏறியிருக்கலாம்.

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. "அப்ப நீங்களும் பெருசு வாங்கப் போறீங்களா? பழசை எனக்குத் தந்துடுங்கண்ணே."

அதைப் படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். புது பேட்டரி போட்டு ஒன்பது நாள் ஆகிறது, இன்னும் 70 சதவீதம் காட்டுகிறது.