மாற்றி அமைக்க எந்த ட்யூப் ஆம்ப்? ப்ளூஸ் ஜூனியரும் கையால் ஒயரிங் செய்த 5எஃப்1-உம்

கிட்டாருக்கு ஒரு ட்யூப் ஆம்ப் (வெற்றிடக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) வாங்கி, டெக்னீஷியனிடம் கொடுத்து டோனை நம் காதுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தபோது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஒன்று ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர். மற்றொன்று 1950களில் ஃபெண்டர் சாம்ப்பில் வந்த 5எஃப்1 சர்க்யூட்டை வைத்துக் கையால் ஒயரிங் செய்த 5 வாட் ஆம்ப். நான் எடுத்தது இரண்டாவதை.

வசதி என்று பார்த்தால் ப்ளூஸ் ஜூனியர்தான் முன்னால் நிற்கும். 15 வாட், இரண்டு இஎல்84 ட்யூப், 12 அங்குல ஸ்பீக்கர், ஸ்பிரிங் ரிவெர்ப் (எதிரொலி போன்ற எஃபெக்ட்), தனித்தனி ட்ரெபிள், மிடில், பேஸ். 5எஃப்1-இல் ரிவெர்ப் இல்லை, டோன் குமிழ்கூட இல்லை, வால்யூம் மட்டும்தான். எபிஃபோன் வால்வ் ஜூனியரையும் யோசித்தேன். அதுவும் 5 வாட், ஒரே குமிழ். ஆனால் உள்ளே பிரின்டட் போர்டு (செம்புத் தடங்கள் அச்சிட்ட சர்க்யூட் அட்டை) என்பதால் விட்டுவிட்டேன்.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பட்டது அந்தப் போர்டுதான். டோன் மாற்றம் ஒரே தடவையில் முடிகிற வேலை இல்லை. ஒலியைப் பெருக்கும் முதல் நிலையில், ட்யூப்பின் கேத்தோடு என்ற முனையில் 25 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் போட்டுக் கேட்போம். பேஸ் குழைகிறது என்று தோன்றினால் 0.68-க்கு இறங்குவோம், இரண்டு நாள் வாசித்துவிட்டு நடுவில் ஒன்று வேண்டும் என்போம். ஒரே இடத்தில் நாலைந்து தடவை சால்டரிங் அயர்ன் படும். பிரின்டட் போர்டில் அந்தச் சூட்டுக்குச் செம்புத் தடம் பெயர்ந்து வந்துவிடும். முன்பு என்னிடம் இருந்த ஓர் ஆம்ப்பில் இது நடந்தது. மூன்றாவது மாற்றத்தின்போது தடம் பெயர்ந்து, ஒயரை வைத்து இணைப்புக் கொடுக்க வேண்டியதாயிற்று. அதற்கப்புறம் அதில் கை வைக்கவே மனம் வரவில்லை.

ப்ளூஸ் ஜூனியரில் குமிழ்கள், ட்யூப் சாக்கெட்டுகள் எல்லாம் போர்டிலேயே உட்கார்ந்திருக்கின்றன. ஒரு கபாசிட்டரை மாற்றவும் நட்டுகளைக் கழற்றிப் போர்டைத் தூக்க வேண்டும். நல்ல டெக்னீஷியன் சுத்தமாகச் செய்வார். ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்த நேரத்துக்கும் சேர்த்துத்தான் கூலி. பயஸ் (சிக்னல் இல்லாதபோது ட்யூப்பில் ஓடும் மின்னோட்டத்தின் அளவு) சரிசெய்ய ட்ரிம் பாட் என்ற சிறு திருகு வைப்பது, பெரிய அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போடுவது என்று என்ன வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்து, ஒரே தடவையில் முடித்துக்கொள்பவர்களுக்கு இது குறையில்லை.

5எஃப்1-இல் மூன்றே ட்யூப்: ஒரு 12ஏஎக்ஸ்7, ஒரு 6வி6, ரெக்டிஃபையராக (ஏசியை டிசியாக மாற்ற) ஒரு 5ஒய்3. அதோடு விரல் விட்டு எண்ணக்கூடிய ரெசிஸ்டர்கள், கபாசிட்டர்கள். மூடியைத் திறந்தால் எல்லாம் கண்ணெதிரே. எனக்குப் பிடித்த மாற்றம், ஸ்பீக்கரிலிருந்து சிக்னலில் கொஞ்சத்தை இரண்டாம் நிலைக்குத் திருப்பி ஒலியைக் கட்டுக்குள் வைக்கும் நெகட்டிவ் ஃபீட்பேக் ஒயருக்கு ஒரு ஸ்விட்ச் வைத்தது. அதைத் துண்டித்தால் சத்தம் கூடுகிறது, ஒலி சீக்கிரமே உடைந்து கரகரக்க ஆரம்பிக்கிறது, விரலின் அழுத்தம் அப்படியே கேட்கிறது. இணைத்தால் பழைய தெளிவு. ஒரே ஆம்ப்பில் இரண்டு குணம்!

சக்தி குறைவு என்ற கவலைக்கு ஒரு கணக்கு: 15 வாட்டுக்கும் 5 வாட்டுக்கும் இடையில் 5 டெசிபலுக்கும் சற்றுக் குறைவான வித்தியாசம்தான். அதிக சென்சிட்டிவிட்டி உள்ள (அதே வாட்டுக்குக் கூடுதல் சத்தம் தரும்) ஸ்பீக்கர் மாற்றினால் அதில் பெரும்பகுதி கிடைத்துவிடும். ஆனால் நான் பெரும்பாலும் அறைக்குள் வாசிப்பவன். டிரம்ஸோடு மேடையேறி, உடையாத சுத்தமான ஒலி வேண்டும் என்பவருக்கு 5எஃப்1-ஐச் சொல்லத் தயங்குவேன். அவர் ப்ளூஸ் ஜூனியர் பக்கம் போவதுதான் சரி.

எதை வாங்கினாலும் விற்பவரிடம் உட்புறப் படம் கேளுங்கள். ட்யூப் சாக்கெட் சேசிஸில் (உள்ளிருக்கும் உலோகச் சட்டத்தில்) திருகப்பட்டு அதிலிருந்து ஒயர்கள் போகின்றனவா என்று பாருங்கள். நீங்களே திறந்து பார்க்க வேண்டாம். 300 வோல்ட்டுக்கு மேல் ஓடும் சர்க்யூட் இது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.