பழைய சாடி மண்ணுக்கு எருவா, காற்றா? கொழும்புக் கடைகளில் கிடைப்பவை பற்றி ஒரு மதிப்பீடு

கொழும்பில் பூங்கன்று விற்கிற கடை எதற்கும் போய், "சாடி மண் பழசாப் போச்சு, செடி எழும்புதில்லை" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு பை கூட்டெருவைத் தூக்கிக் கையில் தந்துவிடுவார்கள். பெரும்பாலான சாடிகளுக்கு அது பிழையான மருந்து.

ஒரு வருடம் கத்தரியோ மிளகாயோ நின்ற சாடியில் மண் இழந்தது சத்தை மட்டுமல்ல. அதைவிடப் பெரிய இழப்பு காற்று. கலவையில் இருந்த சேதனப் பொருள் உக்கித் தூளாகிறது, மழை அந்தத் தூளை அடிக்கு இறக்குகிறது, விளிம்புவரை நிரப்பிய மண் நாலு விரல் தாழ்ந்து நிற்கிறது. அதன்மேல் இன்னும் நாலு விரல் கூட்டெருவைக் கொட்டினால் அதுவும் சில மாதங்களில் அதே தூள்தான். கொழும்பில் ஒக்டோபர் மாதம் மட்டும் ஏறக்குறைய 350 மி.மீ. மழை பெய்யும். வாய் 30 செ.மீ. அகலமான சாடியொன்று மொட்டைமாடியில் இருந்தால், அந்த ஒரு மாதத்தில் சுமார் 25 லீற்றர் தண்ணீர் அதற்குள் விழுகிறது. வறண்ட ஊருக்குச் சரிவரும் எருக் கலவை இங்கே சேறாகும்.

எனவே எதையும் வாங்க முன்னர் மண்ணை அளந்து பார்ப்பது நல்லது. பத்து லீற்றர் கொள்ளும் சாடியின் அடித்துளைகளை டேப்பால் ஒட்டி அடைத்து, பழைய மண்ணை நிரப்புங்கள். தண்ணீரை மெதுவாக, மேற்பரப்பு பளபளக்கும்வரை விட்டு ஒரு இரவு வையுங்கள். காலையில் தாழ்ந்திருந்தால் மறுபடி நிரப்பி, சாடியை ஒரு வாளிக்கு மேலே உயர்த்தி டேப்பைக் கிழியுங்கள். சொட்டு நிற்கும்வரை வடிந்த நீரை அளவுக் குவளையால் அளக்க வேண்டும். ஒரு லீற்றர் வடிந்தால், நீர் வடிந்தபின் மண்ணில் காற்றுக்குக் கிடைக்கும் இடம் 10 வீதம். வெளியில் மழை படும் சாடிக்கு ஒன்றரை முதல் இரண்டு லீற்றர் வரை வடிவது நல்லது. ஒரு லீற்றருக்குக் குறைந்தால் வேர் மூச்சடைக்கும். அந்த மண்ணுக்கு எருப்பை வாங்கும் காசு வீண்.

சாடியின் அடியில் கல் பரப்பினால் நீர் வடியும் என்ற நம்பிக்கையையும் இங்கேயே விட்டுவிடலாம். மெல்லிய மண்ணிலிருந்து நீர் பெரிய கல் இடைவெளிக்குள் இலகுவில் இறங்காது. மேலுள்ள மண் முழுக்க நனைந்து கனத்த பிறகே சொட்டும். கல் போட்டால், சாடியின் அடியில் நிற்கவேண்டிய ஈரப்பகுதி மேலே, வேருக்கு இன்னும் கிட்ட வருகிறது. துளைமேல் ஒரு துண்டு நுளம்பு வலை போதும்.

காற்றூட்டும் பொருட்களில் முதலிடம் உமிக்கரிக்கு. நெல் ஆலைகளிலிருந்து வரும் உமியைக் கருக்கியது. பூங்கன்றுக் கடைகளில் பையாகக் கிடைக்கும், பாரமில்லை, விலையும் கையைக் கடிக்காது. பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் விரித்தால் உமியின் படகு வடிவம் கலையாமல், கன்னங்கரேலென்று இருக்கவேண்டும். சாம்பல் நிறத் தூளாக இருந்தால் அது கரி அல்ல, சாம்பல். இடைவெளி தராது, காரத்தை மட்டும் ஏற்றும். நல்ல உமிக்கரிகூடக் காரத்தன்மை உள்ளதுதான், ஆகவே ஒருமுறை கழுவி, மொத்தக் கலவையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் வைத்தால் தொல்லை இல்லை. இன்னொரு குறை: கையால் பிசைந்தால் நொறுங்கும். மற்றவையெல்லாம் கலந்த பின்னர் கடைசியாகப் போட்டுப் புரட்டுங்கள். கருக்காத பச்சை உமியை மலிவென்று வாங்கினால் பதர் போகத் தப்பிய நெல்மணிகள் சாடியெல்லாம் முளைக்கும்.

இரண்டாவது, ஓர்க்கிட், அந்தூரியம் வளர்ப்போர் வாங்கும் தேங்காய் மட்டைத் துண்டு. ஒரு செ.மீ. அளவில் வெட்டியது மரக்கறிச் சாடிக்கும் அருமையாகப் பொருந்தும். தும்புத்தூளைவிட மெதுவாகத்தான் உக்கும். அடுத்தமுறை மண்ணை அரிக்கும்போது தட்டில் தங்கும், மீண்டும் போடலாம். ஒரு நாள் ஊறவைத்து, கபில நிறத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

எரிமலைக் கல்லைச் சூட்டில் பொரித்துச் செய்யும் பேர்லைட் நல்ல பொருள்தான், உக்கவே உக்காது. ஆனால் இறக்குமதிச் சரக்கு. லீற்றர் கணக்கில் பார்த்தால் உமிக்கரியைவிடப் பலமடங்கு விலை. கடைகளில் சிறு பொதியில் விற்பது பெரும்பாலும் மாப்போன்ற மெல்லிய ரகம். அது நாற்றுத் தட்டுக்கு மட்டுமே உதவும். சாடிக்கு வேண்டியது 3 முதல் 6 மி.மீ. பருமனுள்ளது. பையை முழுதாகத் திறக்குமுன் உள்ளே கொஞ்சம் தண்ணீர் தெளித்து, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். தூசு நெஞ்சுக்குக் கூடாது. அடைமழைக்கு அது மேலே மிதந்து வந்து வெள்ளைப் படலமாக நிற்கும், பார்க்க அழகில்லை. அறைக்குள் வைக்கும் செடிகளுக்கு வாங்கலாம், மொட்டைமாடிக் கத்தரிக்குத் தேவையில்லை. சூட்டில் விரித்த ஒரு கனிமமான வேர்மிகியுலைட் நீரைப் பிடித்து வைக்கிற பொருள், நசிந்தும் போகும். கொழும்பு மழைக்கு அது எதற்கு?

காசில்லாமல் கிடைப்பது உடைந்த செங்கல். 5 முதல் 10 மி.மீ. துண்டாக உடைத்து, தூளை அரித்துக் கழித்துவிட்டால் நல்ல சரக்கு. சீமெந்து ஒட்டிய துண்டுகளை எறிந்துவிடுங்கள், காரம் கூடிவிடும். பாரம் என்பதால் தரைவீட்டு முற்றத்துக்குச் சரி, வெள்ளவத்தைத் தொடர்மாடிப் பல்கனிக்குச் சரிவராது.

மணல் வேண்டவே வேண்டாம். ஒரு சுண்டு அரிசிக்குள் கால் சுண்டு ரவையைக் கொட்டிக் குலுக்கிப் பாருங்கள்: ரவை அரிசியின் இடுக்குகளுக்குள் ஒளிந்துவிடும், மொத்த அளவு அவ்வளவாகக் கூடாது. சாடி மண்ணுக்குள் மணல் செய்வதும் அதையேதான். இருக்கிற காற்றிடத்தையும் அது அடைத்துக்கொள்ளும்.

இனிக் கூட்டெரு. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் தடை தளர்ந்தது. அந்த மாதங்களில் கூட்டெரு என்ற பெயரை எதிலும் அச்சடித்து விற்கலாம் என்ற நிலை வந்தது. அந்தப் பழக்கம் முழுதாகப் போய்விடவில்லை. பையில் எழுதியிருப்பதை நம்பாமல் நாலு சோதனை செய்யலாம். ஒரு லீற்றர் அளந்து நிறுத்துப் பாருங்கள்: அளவான ஈரமுள்ள நல்ல கூட்டெரு 500 முதல் 700 கிராம் வரை நிற்கும். 900 கிராமைத் தாண்டினால் உள்ளே மண்ணோ மணலோ, அல்லது நீங்கள் காசு கொடுத்த தண்ணீரோ இருக்கிறது. ஜாம் போத்தலில் கால்வாசி போட்டுத் தண்ணீர் விட்டுக் குலுக்குங்கள். சில விநாடிகளில் அடியில் படியும் பட்டைதான் மணல். ஒரு பிடியை ஈரமாக்கிப் பொலித்தீன் பையில் கட்டி மூன்று நாள் வைத்துத் திறந்தால் காட்டு மண் வாசம் வரவேண்டும். புளித்த நாற்றமோ மூக்கைக் குத்தும் அமோனியாவோ வந்தால் எரு இன்னும் பச்சை. கடைசியாக, கழுவிய தும்புத்தூளும் கூட்டெருவும் சரிபாதி கலந்து பத்துப் பயறும், வெறும் தும்புத்தூளில் பத்துப் பயறும் போடுங்கள். ஐந்தாம் நாள் முளையில் பெரிய வித்தியாசம் தெரிந்தால் அந்த எருவை இன்னும் ஒரு மாதம் உக்கவிட வேண்டும்.

நகரக் குப்பையிலிருந்து செய்த கூட்டெரு மலிவு, பூச்செடிகளுக்கு வாங்கலாம். கண்ணாடித் துண்டும் பிளாஸ்டிக்கும் வரக்கூடும் என்பதால் கையுறை போட்டு அரித்தே பாவியுங்கள், கீரைக்கு வேண்டாம். மண்புழு உரம் தரமானது, ஆனால் மெல்லியது: பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் காற்றை அடைக்கும். கோழி எருவில் உப்பும் அமோனியாவும் அதிகம். நன்றாக உக்காததைத் தொடர்மாடிக்குள் கொண்டுவந்தால் செடிக்கு முன்னர் பக்கத்து வீட்டு அன்ரி வாடிவிடுவார்.

அமுக்கிய தும்புத்தூள் கட்டியைக் காற்றூட்டும் பொருளென்று சிலர் விற்கிறார்கள். தூள் நீர் பிடிக்கத்தான், காற்றுக்கு மட்டைத்துண்டு. பழைய மண்ணில் ஏற்கனவே தூள் நிறைய இருப்பதால் புதுப்பிக்கும்போது அனேகமாக அது தேவைப்படாது. புதுச் சாடிக்கு வாங்குவதென்றால் உப்பைக் கவனியுங்கள். உவர்நீரில் ஊறிய மட்டையிலிருந்து வரும் தூளில் சோடியம் ஏறியிருக்கும், இலை ஓரம் கருகும். 5 கிலோ கட்டியை 25 லீற்றர் தண்ணீரில் 50 கிராம் ஜிப்சம் கரைத்து ஒரு இரவு ஊறவைத்து, உரப்பையில் கட்டித் தொங்கவிட்டு வடித்து, நல்ல தண்ணீரால் இரண்டு முறை அலசினால் பெரும்பகுதி போய்விடும். ஜிப்சத்தின் கல்சியம் சோடியத்தை இடம்பெயர்க்கும். வெறும் தண்ணீரால் மட்டும் கழுவினால் அது அவ்வளவு இலகுவில் விடாது.

கலக்கும் முறை: பழைய மண்ணை நிழலில் பரப்பி ஈரம் குறையவிட்டு, 6 மி.மீ. கண் கொண்ட அரிதட்டில் அரியுங்கள். தட்டில் தங்கும் மட்டைத்துண்டும் கல்லும் திரும்பப் பயன்படும், வேர்க்கட்டுகள் எருக்குழிக்கு. வேர்களில் மணிமணியாக முடிச்சு இருந்தால் அது வேரைத் தாக்கும், கண்ணுக்குத் தெரியாத வட்டப்புழு, அந்த மண்ணைத் தனியே வையுங்கள். அரித்த மண் 20 லீற்றருக்கு மட்டைத்துண்டு 5 லீற்றர், கூட்டெரு 4, மண்புழு உரம் 1, வேப்பம் புண்ணாக்கு 100 கிராம், கடைசியாக உமிக்கரி 5 லீற்றர். கூட்டினால் 35 வரும். கலந்தால் 30 அளவில்தான் நிற்கும், சிறியது பெரியதற்குள் போய்விடுவதால். உமிக்கரி போட்ட கலவைக்கு மண்ணின் புளிப்பைக் குறைக்கும் டொலமைட் சுண்ணாம்பு தேவையில்லை. உமிக்கரிக்குப் பதில் பேர்லைட் போட்டால் 40 கிராம் டொலமைட் சேர்க்கலாம்.

கையில் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரும் ஈரத்தில், உரப்பையில் வாயை இறுக்காமல், நிழலில் மூன்று வாரம். வாரம் ஒருமுறை புரட்டவேண்டும். இந்தக் காத்திருப்பைத் தவிர்ப்பவர்கள்தான் பிறகு "கன்று எரிந்துவிட்டது" என்கிறார்கள்: புண்ணாக்கு உக்கத் தொடங்கும் முதல் வாரத்தில் அமோனியா கிளம்பும், இளவேர் தாங்காது. நிரப்பும்போது கையால் அமுக்காதீர்கள். சாடியை இரண்டு விரல் உயரத்திலிருந்து தரையில் இருமுறை தட்டினால் மண் தானாக அமரும். நாலு லீற்றர் கூட்டெரு ஒரு கத்தரியைக் காய்க்கும் காலம் முழுக்கப் போஷிக்காது. மாதம் ஒரு பிடி கூட்டெரு மேலே தூவவேண்டும், அடைமழை மாதங்களில் இரண்டு பிடி.

"ரெடி மிக்ஸ்" என்று விற்கும் சாடி மண்? எடைச் சோதனையும் வடியும் நீர்ச் சோதனையும் செய்தபின் முடிவெடுங்கள். செம்மண்ணும் எருவும் மட்டும் கலந்தது லீற்றருக்கு ஒரு கிலோவைத் தாண்டும். அதற்குக் கொடுக்கும் காசில் உமிக்கரியும் மட்டைத்துண்டும் வாங்கலாம். பத்தரமுல்லை தியத உயன பூங்காப் பக்கமுள்ள கன்றுக் கடைகளில் பொருட்களைத் தனித்தனியே தேடி, விலையை ஒப்பிட்டு எடுப்பது வசதி.

எந்தச் சரக்காலும் திருத்த முடியாத மண் ஒன்று உண்டு. தக்காளியோ கத்தரியோ இலை பச்சையாக இருக்கும்போதே பகல் பொழுதில் வாடி, இரண்டொரு நாளில் செத்தால், அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டிக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் அசையாமல் பிடியுங்கள். வெட்டுவாயிலிருந்து பால் நூல் போல வெள்ளையாக இழைந்து இறங்கினால் பக்டீரியா வாடல். வட்டப்புழு மண்ணை ஈரமாக்கி, ஒரு சாண் தடிப்புக்கு மேற்படாமல் தெளிந்த பொலித்தீனால் மூடி, சனவரி முதல் மார்ச் வரையான வெயிலில் ஆறு வாரம் வைத்துப் பார்க்கலாம். வாடல் மண்ணுக்கு அதை நம்பிவிட முடியாது. அந்த வாடல் மண்ணை மிளகாய், கத்தரி, தக்காளிக்குத் திரும்பப் போடாமல் பொன்னாங்காணிக்கோ வல்லாரைக்கோ ஒதுக்குங்கள். அந்தச் சாடியிலிருந்து வடியும் நீர் பக்கத்துச் சாடிக்குள் ஓடாமல் கீழே தட்டு வையுங்கள். தட்டில் தேங்குவதை அன்றன்றே கழிவறையில் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் டெங்குப் பரிசோதனைக்கு வருபவர்களுக்கும் பதில் சொல்லவேண்டி வரும்.