யாழ்ப்பாணத்தில் ஆணுறுப்பு வளைவுக்குக் காட்டிய கிளினிக்: டொக்டருக்கு ஐந்து நட்சத்திரம், கவுண்டருக்கு ஒன்று

பெயர் போடவில்லை, டவுனுக்குள் இருக்கிற தனியார் கிளினிக் ஒன்று. எனக்கு வயது 56, சலரோகம் 12 வருடமாக. இரண்டு வருடத்துக்கு முன் உறுப்பின் மேற்பக்கம் கடலை அளவில் ஒரு தடிப்பு, அப்புறம் எழும்பும்போது மேல்நோக்கி வளைவு, போகப்போக எழும்புவதே அரைகுறை. கடைசியில் மனுசிதான் டொக்டரைப் பார்க்கப் பதிந்து சனல் பண்ணிவிட்டார்.

கவுண்டரில் இருந்த பிள்ளை, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்க, "ஐயா, என்ன வருத்தம்?" என்றது. எனக்குப் பின்னால் நின்றவர் என்னோடு படிப்பித்த மாஸ்டர். வாயில் வந்தபடி "சலக்கடுப்பு" என்றுவிட்டேன். பிறகென்ன, சலப் பரிசோதனைக்கும் ஸ்கானுக்கும் காசு கட்டவைத்து, இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் உள்ளே விட்டார்கள்.

டொக்டர் வேறு ரகம். லாச்சியில் இருந்து நீளப் பலூன் ஒன்றை எடுத்து, ஒரு பக்கம் பிளாஸ்டர் துண்டை ஒட்டி ஊதினார், பலூன் அந்தப் பக்கமாக வளைந்து நின்றது. "உள்ளுறையில் வந்த தழும்பு, புற்றுநோய் இல்லை" என்றார். பெய்ரோனி நோயாம், 1743 இல் இதைப் பற்றி எழுதிய பிரெஞ்சு வைத்தியரின் பெயர். கோணம் பார்க்க வீட்டில் படம் எடுத்துவரச் சொன்னார். (அந்தப் படம் போனில் கிடந்த ஒரு கிழமையும் பேரனுக்கு யூரியூப் கிடையாது.)

வளைவு சில மாதம் கூடாமல் குறையாமல் நின்றால்தான் கத்தி வைப்பார்களாம். குளிசைக்கு எழும்புகிறவர்களுக்கு எதிர்ப்பக்கத்தில் தையல் போட்டு நிமிர்த்தினால் போதும், நீளம் கொஞ்சம் குறையும். எனக்கு வயகரா கேட்காததால், உள்ளே தண்டு வைத்து அதோடு சேர்த்தே நிமிர்த்துகிற ஒப்பரேசன். பம்ப் பூட்டியது, கையால் வளைக்கிற சாதா தண்டு என்று இரண்டையும் கையில் தந்து காட்டினார். "நீளம் கூடாது, பிறகு பழையபடி தானாகவும் எழும்பாது, மனுசியோடு கதைத்துவிட்டுச் சொல்லுங்கோ." சீனியைக் குறைக்காமல் தேதி தரமாட்டேன் என்றும் நின்றார், கிருமி பிடித்தால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டிவருமாம்.

கொழும்பில் சாதா தண்டு வைத்து நாலு மாதம். உணர்ச்சி அப்படியே இருக்கிறது. சாரத்தோடு முற்றத்தில் நிற்க முதல் மாதம் கூச்சம், கீழே வளைத்துவிடப் பழகியபிறகு சரி.

போகிறவர்கள் கவுண்டரில் "டொக்டரோடு கதைக்க வேணும்" என்று மட்டும் சொல்லுங்கள், ஸ்கான் காசு மிச்சம்.