காபி உறிஞ்சும் சத்தமும் காதுக்குப் போட்ட வைத்தியங்களும்

கோடம்பாக்கத்தில் இருந்துகொண்டு சத்தம் பிடிக்காது என்றால் சிரிப்பார்கள். விடியற்காலை மோட்டார், குக்கர் விசில், ஸ்பீக்கரில் கத்திக்கொண்டு வரும் பழைய இரும்பு வண்டி எல்லாம் எனக்கும் பழகிப்போனதுதான். என்னைப் பாடாய்ப் படுத்தியது அப்பா காபி உறிஞ்சும் சத்தம். அவர் டபராவை எடுக்கும்போதே எனக்குப் பல் கடித்துக்கொள்ளும். 2001 வாக்கில் காது ஆராய்ச்சியாளர்களான ஜாஸ்ட்ரெபாஃப் தம்பதி இதற்கு 'மிசோஃபோனியா' என்று பெயர் வைத்தார்கள். மெல்லுவது, உறிஞ்சுவது, மூக்குறிஞ்சுவது மாதிரியான சின்னச் சத்தங்கள்தான் இதில் பெரும்பாலும் எதிரி. கூடவே இருப்பவர்கள் போட்டால் கோபம் இன்னும் ஏறும்.

முதலில் வாங்கியது மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஃபோம் இயர்ப்ளக். மெல்லிசாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலே இழுத்துப் பிடித்துச் செருக வேண்டும். தூங்க அருமை. சாப்பிட உட்கார்ந்தால் தொலைந்தோம்: நாம் அப்பளம் கடிப்பது மண்டைக்குள்ளேயே நொறுங்கும். இன்னொரு வம்பும் உண்டு. நாள் முழுக்க அடைத்தே வைத்தால் காதின் கூச்சம் கூடிவிடுகிறது. காது நன்றாக இருப்பவர்களை இரண்டு வாரம் அடைப்பானோடு இருக்க வைத்துப் பார்த்த 2003 ஆய்விலும் அப்படித்தான் வந்தது. மெல்லிய இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கோ கூச்சம் குறைந்தது.

நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் கொடுத்த காசுக்கு ஏமாற்றம். ஏசி, பஸ் இன்ஜின் மாதிரி ஒரே சீராக வரும் இரைச்சலை விழுங்கிவிடும். ஆனால் பின்னணி அடங்கியதும் குக்கர் விசில் முன்னைவிடப் பளிச்சென்று கேட்கும். கத்திரி வெயிலில் காதோரம் வேர்த்து ஊற்றுவது தனி.

எனக்குக் கைகொடுத்தது சீலிங் ஃபேன். அதுவும் போதாதபோது மொபைலில் மழைச் சத்தம், சன்னமாக. உறிஞ்சலை மூழ்கடிக்க வைக்கக் கூடாது. அது கேட்கட்டும், தனியாகத் துருத்தாமல் இருந்தால் போதும்.

அடுத்தது, வாசல் பக்கத்து நாற்காலிக்கு மாறியது. 1960களின் கடைசியில் கிளாஸ், சிங்கர் என்ற உளவியலாளர்கள் செய்த சோதனையில், சத்தத்தை நிறுத்த ஒரு பட்டன் இருக்கிறது என்று தெரிந்தவர்கள், அதை அமுக்காமலேயே, வேலையில் மற்றவர்களைவிடத் தாக்குப்பிடித்தார்கள். என் பட்டன் அந்த வாசல். "நடுவில் எழுந்து போனால் தப்பா எடுத்துக்காதீங்கப்பா" என்று சொல்லிவைத்தேன். "போயிட்டு வா, காபி ஆறிடப் போவுது" என்றார், அவ்வளவுதான். இப்போது அபூர்வமாகத்தான் எழுகிறேன். டபரா சத்தம் கேட்டதும் மூச்சை நீளமாக விட்டுத் தோளைத் தளர்த்துவேன். சில நாள் நானும் கூடவே உறிஞ்சுவேன். வினோதம்தான், ஆனால் பலிக்கிறது.

நகம் வெட்டும் சத்தத்துக்கு மட்டும் இன்னும் வைத்தியம் கிடைக்கவில்லை.

ஒன்று: எல்லாவற்றையும் பொறுத்துப் பழக வேண்டும் என்று இல்லை. குடியிருப்புப் பகுதிக்கு விதி பகலில் 55 டெசிபல், இரவில் 45. அனுமதி இல்லாமல் ராத்திரி 10 மணிக்கு மேல் குழாய் ஸ்பீக்கர் அலறினால் மூச்சுப் பயிற்சி எதற்கு, 100க்குப் போன் போடுங்கள். எந்தச் சத்தமானாலும் காது வலித்தாலோ, உள்ளே ரீங்காரம் இருந்தாலோ முதலில் ஈஎன்டி டாக்டரிடம் காட்டிவிடுங்கள். இயர்ப்ளக்கை ரயில் பெர்த்துக்காக வைத்திருக்கிறேன். ஹெட்போன் தம்பியிடம் போய்விட்டது.